காக்கையையும் எண்ணுகிறவர்கள்

கொச்சியின் கலூரில் காலை ஆறரை மணிக்கு மெட்ரோ பாதையின் கீழே கால் மணி நேரம் நின்றால் என்னென்ன பறவை கண்ணில் படும் என்பதை ஊர்க்காரர் எவரும் சொல்லிவிடுவார். சாம்பல் கழுத்துக் காக்கையும் அண்டங்காக்கையும் உறுதி. குப்பைத் தொட்டியருகே மைனா, கம்பியில் மாடப்புறா, உயரத்தில் வட்டமிடும் கள்ளப்பருந்து, அதற்குத் தாழச் செம்பருந்து. பேரண்டூர் கால்வாய்ப் பக்கம் திரும்பினால் மடையான் ஒன்று கழுத்தை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். வேலியோரச் செடியில் தேன்சிட்டு. கட்டடங்களுக்குப் பின்னால் எங்கிருந்தோ குக்குறுவானின் ‘டொக் டொக்’ கேட்கும், ஆள் கண்ணுக்குப் படாது. ஏழு மணிக்குமேல் பேருந்துகளின் ஹாரனில் அந்தச் சத்தமும் அமுங்கிவிடும்.

பறவை பார்க்க ஊர்விட்டு ஊர் போகிறவர் எவரும் இந்தப் பட்டியலுக்காகக் கலூருக்கு வரமாட்டார். தட்டேக்காட்டுக்குப் போவார், மூணாறுக்குப் போவார். ஆனால் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நடந்த பெருங்கணக்கெடுப்பின் உடம்பு முழுக்க இத்தகைய எளிய பட்டியல்கள்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 25,000 பட்டியல்களை எடுத்துக் கொடுத்தார்கள். அவற்றில் 361 பறவை இனங்களைப் பற்றி ஏறத்தாழ மூன்று லட்சம் பதிவுகள் இருந்தன. நிலப்பரப்பாலும் உழைப்பாலும் ஆசியாவின் மிகப் பெரிய பறவை வரைபடம் என்று அதைச் சொல்கிறார்கள். சம்பளம் வாங்காத ஆட்கள், பெரும்பாலும் பறவையியல் படிக்காதவர்கள், எண்ணித் தந்த கணக்கை அறிவியல் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் மிக நல்ல பதில் அந்த வரைபடம்தான் என்பது என் எண்ணம். ஆனால் அதன் அருமை தெரிய, அதற்கு முன்பு இந்த ஊரில் பறவையை எப்படி ஆராய்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்காய்வு செய்தார். அரசுகள் செலவை ஏற்றன. அன்றைய பறவையியல் துப்பாக்கியோடு நடந்த கலை. பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று சீட்டு எழுதிக் கட்டிவைத்தால்தான் அது பதிவு. அப்படிச் சேர்த்த மாதிரிகளின் துணையோடு அவரும் ஹியூ விஸ்லரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார்கள். 1953இல் அது திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள் பற்றிய புத்தகமாயிற்று, 1969இல் விரிந்து கேரளப் பறவைகளைப் பற்றிய நூலாயிற்று. இடையில், 1958இல், ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில் கே.கே. நீலகண்டன் மலையாளத்தில் ‘கேரளத்திலெ பக்ஷிகள்’ எழுதினார். இன்று கேரளத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு கிளம்பும் பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் உருவானதில் அந்த மலையாளப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தாய்மொழியில் ஒரு நல்ல பறவை நூல் இருந்தால் இரண்டு தலைமுறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

சாலிம் அலி நடந்த தடத்தில் 75 ஆண்டு கழித்து, 2009இல், கேரள வனத்துறையின் ஆதரவில் சி. சசிகுமாரும் தோழர்களும் மறுபடி நடந்தார்கள். அவர் முகாமிட்ட அதே இடங்கள், அதே பருவம். அரிய முயற்சி. எந்தக் காடு போயிற்று, எந்தப் பறவை இடம் மாறிற்று என்று அது காட்டியது. ஆனால் ஒப்பீட்டுக்கு ஒரு எல்லை தானாக வந்து நின்றது. எந்தப் பறவை இருந்தது என்பதை 1933இன் குறிப்புகள் சொல்கின்றன. ஓரிடத்தில் எத்தனை மணி நேரம் தேடியதில் எத்தனை கிடைத்தன என்பதை இன்று நாம் கேட்கிற மாதிரி ஒழுங்காகச் சொல்லவில்லை. தேடிய நேரம் தெரியாவிட்டால் குறைந்ததா கூடியதா என்று அளக்க வழியில்லை. இது சாலிம் அலியின் குறையல்ல. அவருடைய கேள்வி வேறு: இந்த மண்ணில் என்னென்ன பறவை உண்டு? நம்முடைய கேள்வி: இருந்தவை எத்தனை மிஞ்சுகின்றன?

இந்த இரண்டாவது கேள்வியின் அவசரத்தை இந்தியாவுக்குப் புரியவைத்தவை பிணந்தின்னிக் கழுகுகள். வெண்முதுகுக் கழுகு ஊர்தோறும் இருந்ததால் அதை எண்ண வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பரத்பூரில் கூடுகளைக் கவனித்துவந்த விபு பிரகாஷ் 1990களில் எச்சரித்தபோது சரிவு பாதிவழி தாண்டியிருந்தது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரிந்தது, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு 99.9 விழுக்காடு அழிந்துபோயிருந்தது. சில ஊர்களிலாவது ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணும் வழக்கம் இருந்திருந்தால் பத்தாண்டு முன்னதாக விழித்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வெளிநாடுகளில் அந்த வழக்கம் பழையது. 1900 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன், பறவைகளைச் சுட்டு விளையாடும் பண்டிகை வழக்கத்துக்கு மாற்றாக, எண்ணி விளையாடுவோம் என்றார். 27 பேர் சேர்ந்தார்கள், இன்றுவரை அது நிற்கவில்லை. 1966இல் அங்கே இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பு தொடங்கியது; குறித்த சாலை, குறித்த நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம். 1970க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் விஞ்ஞானிகள் சொல்ல முடிந்ததற்கு அந்த மூன்று நிமிடங்களே பெரிய ஆதாரம். பிரிட்டன் தன் பறவை வரைபடத்தை 1968–72இல் முதலில் எடுத்து, பிறகு இருமுறை புதுப்பித்துவிட்டது.

இனி கேரளத்து முறைக்கு வருவோம். மாநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். கட்டத்துக்குள் கட்டமாகப் போய், கடைசியில் சுமார் 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டங்கள். அவற்றில் எதற்குப் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. முறையின் உயிர்நாடி இந்தக் குலுக்கல்தான். பறவை ஆர்வலரைத் தன் போக்கில் விட்டால் அவர் ஏரிக்கும் காட்டுக்கும்தான் போவார். ரப்பர் தோட்டத்தின் நடுவிலோ கலூர் மாதிரி நெரிசலான தெருவிலோ பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு நிற்கமாட்டார். குலுக்கல் அவரை அங்கே அனுப்பியது. அந்தக் கட்டத்துக்குள் 15 நிமிடத்துக்கு ஒன்றாகப் பட்டியல்கள் எடுக்க வேண்டும். கண்டதையும் கேட்டதையும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். காக்கையை விடக் கூடாது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காலச் சுற்று, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை கோடைச் சுற்று. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளமும் இந்தச் சுற்று ஒன்றின் நடுவில்தான் வந்தது.

‘எல்லாவற்றையும் எழுது’ என்ற விதி சிறிதாகத் தோன்றும். அதில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது. ஒருவர் தான் கண்ட ஆந்தையை மட்டும் எழுதி அனுப்பினால் அங்கே ஆந்தை உண்டு என்று மட்டும் தெரியும். முழுப் பட்டியல் அனுப்பினால், அதில் இல்லாத சிட்டுக்குருவியும் ஒரு தகவல் ஆகிறது: இவ்வளவு நேரம் தேடியும் அகப்படவில்லை. பத்தாயிரம் பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் சிட்டுக்குருவி வந்தது, ஐந்தாண்டு கழித்து எத்தனையில் வருகிறது என்று பார்த்தால் போக்கு தெரிகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. இந்தியாவிலிருந்து அதற்கு மிகுதியாகப் பட்டியல் அனுப்பும் மாநிலங்களில் கேரளமும் தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கு நடக்கிறது. நெல்லைச் சீமையில் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களின் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள்.

தன்னார்வலர் கணக்கின்மேல் சொல்லப்படும் குறைகள் பொய்யல்ல. முதல் குறை, ஆள் தப்பு பார்ப்பது. பச்சைக் கதிர்க்குருவிகளிலும் உள்ளான்களிலும் கடற்காகங்களிலும் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். இதற்கு இ-பேர்டில் இரண்டு வடிகட்டி இருக்கிறது. குளிர்கால விருந்தாளியான பழுப்புக் கீச்சானை ஒருவர் ஜூன் மாதத்தில் எழுதினால் கணினி உடனே நிறுத்திக் கேட்கும். அதையும் தாண்டி அனுப்பினால், அந்தப் பகுதியின் பறவைகளை நன்கறிந்த மேற்பார்வையாளர், அவரும் தன்னார்வலர்தான், படம் உண்டா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று எழுதிக் கேட்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பதிவு பொதுக் கணக்கில் சேராது. இந்தக் கடிதப் போக்குவரத்தில் பலர் பறவையியலே கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பறவை இருந்தும் கண்ணில் படாமல் போவது. கலூர்க் குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு நின்றவர் எழுதுவார், எட்டு மணிக்கு நின்றவர் எழுதமாட்டார். பறவை அதே மரத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் பாடாத பறவைகள் கோடையில் பாடும்போது எண்ணிக்கை ஏறியது போலத் தோன்றும். ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், எத்தனை தடவைக்கு எத்தனை தடவை அகப்பட்டது என்பதிலிருந்து, அகப்படாமல் போகும் வாய்ப்பையும் கணக்கிடப் புள்ளியியல் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரே கட்டத்தில் ஒன்றுக்கு நான்கு சிறு பட்டியல் எடுப்பது இதற்குக் கைகொடுக்கும். பொதுவான பறவைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. இரவில் திரியும் பக்கியும் புதருக்குள் ஒளியும் கானாங்கோழி வகைகளும் எந்தக் கணக்கிலும் குறைவாகத்தான் வரும். அவற்றைப் பற்றிய முடிவுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

மூன்றாவது, இடமும் நாளும். மக்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், சாலை இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். கொச்சியில் கடற்படைத் தளத்தை ஒட்டிய பகுதிகளில் பைனாகுலரோடு சுற்ற முடியாது. குடியிருப்புத் தெருவில் அந்நியர் ஒருவர் மாடிகளை நோக்கிக் கண்ணாடி பிடித்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இது இன்னும் கடினம். குலுக்கல் இதை ஓரளவு சரிசெய்யும், முழுக்கச் செய்யாது.

இவ்வளவு குறைகளோடும் இந்தக் கணக்குகள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்த்தால், பல நிறுவனங்கள் சேர்ந்து 2020இலும் 2023இலும் வெளியிட்ட ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைகள் முதலில் வரும். 2023 அறிக்கைக்கு சுமார் 30,000 பேர் தந்த மூன்று கோடிப் பதிவுகள் அடிப்படை. 942 இனங்களை ஆராய்ந்தார்கள். ஆனால் நீண்டகாலப் போக்கைச் சொல்லத் தரவு போதியதாக இருந்தது 338 இனங்களுக்கு மட்டும். அவற்றில் 204 குறைந்திருந்தன, 98 நிலையாக இருந்தன, 36 கூடியிருந்தன. மற்ற அறுநூற்றுச் சொச்சம் இனங்களுக்கு முப்பதாண்டுக்கு முன் யாரும் போதிய அளவு எண்ணவில்லை.

சிட்டுக்குருவி கைபேசிக் கோபுரங்களால் அழிந்துவிட்டது என்று மேடைதோறும் கேட்டோம். 2020 அறிக்கை, நாடு முழுதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது. உணர்ச்சியைத் தணித்து உண்மையின் அளவைச் சொல்லக் கணக்கால் மட்டுமே முடிந்தது.

மயில் இதற்கு மறுபக்கம். வறண்ட நிலத்துப் பறவையான மயில் இப்போது கேரளத்தின் வயலோரங்களிலும் தோட்டங்களிலும் அகவுகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஓ. நமீர் பங்கேற்ற ஆய்வொன்று, களப் பதிவுகளைத் தட்பவெப்ப மாதிரிகளோடு சேர்த்துப் பார்த்தது. மாநிலத்தின் 19 விழுக்காட்டு நிலம் இப்போது மயிலுக்கு ஏற்றது, 2050க்குள் அது 41 முதல் 55 விழுக்காடுவரை உயரலாம் என்று 2020இல் சொன்னது. முருகனின் வாகனம் வீட்டு வாசலுக்கு வந்தால் தமிழர் எவருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஈரமான ஒரு மாநிலம் உலர்ந்துவருவதற்கான அறிகுறியாக விஞ்ஞானிகள் அதைப் படிக்கிறார்கள்.

தன்னார்வலரால் முடியாத வேலைகளும் உண்டு. பட்டியலில் வரும் பச்சைக்காலி போன வருடம் வந்த அதே பறவைதானா, எங்கிருந்து வந்தது, எத்தனை வயது என்று பட்டியல் சொல்லாது. அதற்குப் பிடித்து வளையமிட வேண்டும். 1899இல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டித் தொடங்கிவைத்த முறை இது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திவரும் ஆய்வில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கறுப்பு வலையைக் கட்டுவார்கள். சிக்கிய பறவையைச் சிறகு நோகாமல், விரல்களுக்கிடையே கழுத்தை இலேசாகப் பிடித்து விடுவித்துத் துணிப்பையில் போடுவார்கள். இருட்டில் அது அடங்கிவிடும். இறக்கை நீளம், எடை, இறகு உதிர்ந்த நிலை எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். பிறகு கணுக்காலில் வளையம். அதில் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் வாசகமும் இருக்கும். சில நிமிடத்தில் பறவை காற்றில். வனத்துறை அனுமதியும் நல்ல பயிற்சியும் இல்லாமல் எவரும் தொடக் கூடாத வேலை.

அந்தக் கழகம் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. கர்நாடகத்தில் 1957இல் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் பறவைகளின் உண்ணிகளோடு பரவுகிறதா என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. வளையத்தின் பெருங்குறை, மாட்டிய சிறு பறவைகளில் நூற்றில் ஒன்றுகூட மறுபடி அகப்படுவது அரிது. செயற்கைக்கோள் கருவிகள் இதை மாற்றின. 2013இல் நாகாலாந்தில் கருவி பொருத்திய அமூர் வல்லூறுகள் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலை இடைநில்லாமல் தாண்டி ஆப்பிரிக்கா சேர்ந்ததை உலகமே பார்த்தது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இறங்காமல் பறந்தது. கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று, ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் தேன்சிட்டுக்கெல்லாம் இது எட்டாது.

ஒலிப்பதிவுக் கருவிகளும் மரபணு ஆய்வும் இப்போது வேகமாக வளர்கின்றன. ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து, பழனி மலையின் சிரிப்பானும் நீலகிரியின் சிரிப்பானும் எப்போது பிரிந்தன என்று சொல்ல முடிகிறது. ஆனால் எந்த மலையில் ரத்தம் எடுக்கப் போவது, எந்தக் கரையில் வலை கட்டுவது என்பதற்கு முதல் குறிப்பு பெரும்பாலும் தன்னார்வலர் பட்டியலிலிருந்துதான் வருகிறது. ஒருவர் வேலை மற்றவருக்கு மாற்றாகாது.

கொச்சிக்கு இதில் என்ன இருக்கிறது? கேரள வரைபடத்தின் முடிவுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் மலையின் தென்பகுதியில் திரண்டிருக்கின்றன, ஆனால் உலக அளவில் அழிவை நெருங்கும் இனங்கள் பெரும்பாலும் கடலோரத்தில் இருக்கின்றன. கேரளத்தின் சரணாலயங்களோ பெரும்பகுதி மலையில். கடலோரமும் காயலும் யாருடைய பாதுகாப்பிலும் முழுதாக இல்லை. கலூரிலிருந்து சிறிது தூரத்தில், உயர் நீதிமன்றத்தின் பின்புறம், மங்களவனம் இருக்கிறது. 2004இல் சரணாலயமான அலையாத்திக் காடு. பரப்பு 2.74 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கும் கீழே. நகரத்து ராக்கொக்குகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் இதுதான் புகலிடம். அதைச் சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வருகின்றன.

வடக்கே கடமக்குடியிலும் வைப்பினிலும் பொக்காளி வயல்கள். உப்புநீர் தாங்கும் நெல்லை மழைக்காலத்தில் விளைவித்து, கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே அழுகவிட்டு, நவம்பர் முதல் ஏப்ரல்வரை அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். மதகு திறந்து நீர் வடியும் நாளில் சேறு தெரியும். நெடுங்கால் உள்ளானும் பவளக்காலியும் பொரி உள்ளானும் கூட்டமாக இறங்கும், மேலே மீசை ஆலாக்கள் சுற்றும். நெல் நின்றுபோய் இறால் மட்டும் மிஞ்சினாலோ, வயலை மண் போட்டு மேடாக்கினாலோ, அந்தக் கூட்டம் வேறிடம் தேட வேண்டும். எந்த வயலில் எது நடந்தபோது எண்ணிக்கை எப்படி மாறியது என்று சொல்லக்கூடியவர்கள் மாதந்தோறும் அங்கே போய்வரும் தன்னார்வலர்கள்தான். வேம்பநாட்டுக் காயலில் 1990களிலிருந்து நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கும் இத்தகையோரின் உழைப்பே.

இந்த உழைப்பு போய்ச் சேரும் இடம் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். பட்டியல்கள் ஆய்விதழுக்குப் போகின்றன, தேசிய அறிக்கைக்குப் போகின்றன. அது வேண்டியதுதான். ஆனால் ஒரு கால்வாயை மூட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் நகராட்சி அலுவலரின் மேசைக்கு அவை வருவதில்லை. 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மக்கள் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். வார்டுக்கு இவ்வளவு கட்டம், கட்டத்துக்கு இத்தனை பட்டியல் என்று வரைபடத்தின் தரவை அந்தப் பதிவேட்டில் ஏற்றினால், அடுத்த முறை மண் கொட்ட வரும் லாரிக்கு முன்னால் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

இன்னொன்று, வரைபடத்தைத் திரும்ப எடுப்பது. 2015–20 கணக்கு ஒரு தொடக்கப் புள்ளிதான். அதே கட்டம், அதே 15 நிமிடம், அதே பருவம் என்று மறுபடி போகும்போதுதான் அதன் முழுப் பயன் கைக்கு வரும். அதற்குக் கட்டங்களின் பட்டியலும் முறையும் தயாராக இருக்கின்றன. ஆயிரம் பேரின் பழக்கமும் இருக்கிறது. அன்று கல்லூரி மாணவராக நடந்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் புதியவர்களை இப்போதே நிறுத்திப் பழக்கினால்தான் இரண்டு கணக்குகளுக்கும் நடுவே கைத்திறன் அறுந்துபோகாது. தமிழ்நாட்டிலும் இதே முறையில், மாவட்டம் விடாமல், குலுக்கல் போட்டு எடுக்க வேண்டும். கோயம்புத்தூரிலும் நெல்லையிலும் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு இருபுறமும் ஒரே அளவுகோல் இருந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே நகரும் மயிலையும், வேம்பநாட்டுக்கும் கோடியக்கரைக்கும் இடையே பகிர்ந்து வாழும் கரைப்பறவைகளையும் ஒரே கணக்கில் பார்க்கலாம்.